முள் நிற்க வேண்டிய ஐந்து நிமிடம்

— எட்டு எடுத்தோம், எட்டு போட்டாச்சு. பழைய ரப்பர் வளையமெல்லாம் பலகை மேல வரிசையா இருக்கு. நீயே எண்ணிக்கோ அக்கா.

— எண்ணி என்ன பண்ண, ஆரன்? மீட்டர் முள்ளு இறங்குதே. இருபத்திரண்டுல இருந்தது, ரெண்டு நிமிஷத்துல பதினாறுக்கு வந்துட்டுது.

— பாக்கறேன்.

— அஞ்சு நிமிஷத்துல பத்து புள்ளிக்கு மேல இறங்கக் கூடாது. காத்தையே வெளில நிறுத்த முடியாத பம்ப்பு குளத்துத் தண்ணியை எப்படி இழுக்கும்னு அந்தச் சோதனைக்காரர் கேப்பார். நான் என்ன சொல்றது?

— அவர் பத்து மணிக்குத்தானே வர்றார்? இப்ப எட்டே கால். ஒவ்வொண்ணா பாப்போம்.

— நீ ஒவ்வொண்ணா பாரு. கவுண்டி போர்டுக்காரங்க எழுதியே குடுத்துட்டாங்க. தீயணைப்பு வண்டி இன்னிக்குச் சோதனைல தோத்தா இந்த ஷெட்டுக்குப் பூட்டு. அப்புறம் நம்ம ஹாஸ்லி ஊர்ல எது எரிஞ்சாலும் உங்க டெல்மர் வண்டிதான் வரணும். பதினோரு மைல். பனி கொட்டினா அரை மணி நேரம்.

— தெரியும்கா.

— கூபிக்கோட வைக்கோல் கொட்டகை எரிஞ்சப்போ நாங்க ஒம்பது நிமிஷத்துல போய் நின்னோம். மாடு ஒண்ணுகூடப் போகல.

— அதுவும் தெரியும். நூறு தடவ சொல்லியாச்சு.

— உனக்குத் தெரியாம என்ன? டெல்மர் தீயணைப்புக்கு நீதானே மெக்கானிக். எங்க ஷெட்டு மூடினா எங்க ஹோஸு, எங்க ஏணி, எல்லாம் உங்க வாசல்ல வந்து இறங்கும். எலிக்குப் பூனை வைத்தியம் பாக்கற கதைதான் இது.

— பூனை காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வந்திருக்கு. இன்னும் காப்பிகூட குடிக்கல.

— ஃப்ளாஸ்க்ல இருக்கு. பட்டைப்பொடி போட்ட ரொட்டியும் இருக்கு. கையைத் துடைச்சிட்டு எடு. அந்தத் துணி இல்ல, அது சட்டை.

— நல்ல ரொட்டி.

— புருஷன் சுட்டது. சரிதான் போ, தின்னது போதும். இப்ப என்ன பண்ணலாம்?

— என் பையில ஒரு டப்பா இருக்கும், எடு.

— இதுவா? ஷேவிங் க்ரீம்.

— அதேதான். எல்லா மூட்டுலயும், மூடியிலயும் பூசு. நான் மறுபடி காத்தை இழுக்கறேன். எங்க உள்ள புகுதோ அங்க நுரையில குழி விழும்.

— டேய், இது பாதி காலி.

— இருக்கறது போதும்.

— போதுமான்னு கேக்கல. உன் தாடி நெஞ்சு வரைக்கும் தொங்குது. உன் கல்யாணத்துக்கே நீ அதை வழிக்கல. மீதிப் பாதி எங்க போச்சு?

— பூசுக்கா.

— வீட்டுக்கு யாராவது வந்து போறாங்களா?

— ஷேவிங் க்ரீம் போடற பொம்பளையா?

— கால் முடி வழிக்கப் போடுவாங்கடா. விவாகரத்தாகி அஞ்சு வருஷம் ஆச்சு. வந்தா நான் சந்தோஷம்தான் படுவேன், பாத்துக்கோ.

— இழுக்கறேன். நுரையைப் பாரு. என்னைப் பாக்காதே.

— சரி. இடது பக்கம் முதல் வால்வு, ஒண்ணுமில்ல. ரெண்டாவது, ஒண்ணுமில்ல. பின்பக்கம் நுரை அப்படியே நிக்குது, கேக்கு மேல வெச்ச க்ரீம் மாதிரி.

— நாம போட்ட எட்டும் நல்லாத்தான் இருக்கு. வலது பக்கம் போ.

— இங்கயும் இல்ல... இரு. இரு. பெரிய மூடி ஓரத்துல ஒரு குழி. ஐயோ, விரல் நுழையற அளவுக்கு ஆயிட்டுது.

— உறிஞ்சு குழாய் மாட்டற வாயில இருக்கற மூடியா?

— அதேதான். ஆனா அதுல வாஷர் புதுசுடா. நானே மாட்டினேன்.

— எப்ப?

— ஷெட்டு நோட்டுல இருக்கு. இதோ. மார்ச் நாலு, இங்க ஷெட்டுல போட்ட பான்கேக் விருந்துக்கு முந்தின நாள். வலது மூடி, புது வாஷர் ஒண்ணு, வெர்லா. என் கையெழுத்து.

— போட்டது ஒண்ணு. எடுத்தது எத்தனை?

— எடுத்ததா?

— ம்.

— பழசு ஏற்கெனவே விழுந்திருக்கும்னு நினைச்சேன். உள்ள வெறும் கறுப்பா இரும்புதான் தெரிஞ்சுது.

— கழட்டறேன். நகத்தால அந்த இரும்பை ஒரு அழுத்து அழுத்திப் பாரு.

— அமுங்குது.

— இரும்பு அமுங்குமா அக்கா?

— கடவுளே. பழசு மேலயே புதுசை வெச்சிருக்கேன்.

— மூடி முழுசா இறுகாது. ஒரு பக்கம் தூக்கிக்கிட்டே நிக்கும்.

— மூணு வாரமா தூங்கல ஆரன். இந்த ஊரைப் போர்டு மூடுது, கவுண்டி மூடுதுன்னு எல்லாரையும் திட்டினேன். பாத்தா நானே மூடியிருப்பேன்.

— ரொம்பப் பெருமைப்பட்டுக்காதே. இதைச் செய்யாத மெக்கானிக்கே கிடையாது.

— நீ செஞ்சிருக்கியா?

— அப்பா டிராக்டர்ல. ஆயில் ஃபில்டர், இதே மாதிரி பழசு மேல புதுசு. கொட்டகை முழுக்க எண்ணெய்.

— அது நீயா? நம்ம ரேமண்டு செஞ்சான்னு சொல்லி அப்பா அவனை அடிச்சாரேடா.

— அவன் வேற எதுக்காவது வாங்க வேண்டிய அடிதான். அந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழ வை. வாஷர் உட்கார்ற இரும்பு முகத்துல கீறல் விழுந்தா எதுவும் நிக்காது. பிளாஸ்டிக்கா ஏதாவது கொண்டா.

— பான்கேக் திருப்பற கரண்டி இருக்கு.

— பொருத்தம்தான். கொடு... பாரு, தோசை மாதிரி வருது. முழு வட்டம். இதையும் பலகைல வை.

— ஒம்பது.

— ஒம்பது. இப்ப அந்த இரும்பு முகத்தைத் துடை. புதுசுல லேசா க்ரீஸ் தடவு. இவ்வளவு வேண்டாம், ரொட்டிக்கு வெண்ணெய் இல்ல அது. கையால இறுக்கு. இழுக்கறேன்.

— இருபத்திரண்டு.

— நேரம் பாரு.

— மணி ஒம்பது பத்து... ஒரு நிமிஷம் ஆச்சு. அசையல. கண்ணாடியைத் தட்டிப் பாக்கட்டுமா? முள்ளு ஒட்டிக்கிச்சோ என்னவோ.

— முள்ளு ஒட்டல. உன் சந்தேகம்தான் ஒட்டிக்கிச்சு.

— மூணு நிமிஷம். இருபத்தொண்ணரை.

— மூச்சு விடுக்கா. நீ மூச்சு விட்டா அது இறங்காது.

— அஞ்சு. இருபத்தொண்ணு! ஆரன், இருபத்தொண்ணு!

— கேக்குது. கண்ணைத் துடை. அந்தக் கையால துடைக்காதே, க்ரீஸ்.

— சரிதான் போ... வெளிய பிக்கப் சத்தம் கேக்குது. சீக்கிரம் வந்துட்டார் போல.

— வரட்டும். இப்ப யார் வந்தா என்ன.

— இன்னும் ரொட்டி எடுத்துக்கோ. எல்லாத்தையும் எடுத்துக்கோ. பூனைன்னு சொன்னதை மறந்துடு.

— அது பரவாயில்ல.

— ஷெட்டு மூடினா லாபம் உங்க ஊருக்குத்தான். இருந்தும் விடியறதுக்குள்ள ஓடி வந்தே பாரு, அதை நான் மறக்க மாட்டேன். அவர் உள்ள வர்றதுக்குள்ள ஒண்ணு மட்டும் சொல்லிடுடா. மீதிப் பாதி நுரை யாருக்குப் போச்சு?

— போன செவ்வாய்க்கிழமை எங்க வண்டிக்கு. எல்லாத்தையும் பூசிப் பாத்தேன்கா, குழி விழுந்தது பம்ப்போட அச்சுலயே. அதோட ரப்பர் சீல் வர ஆறு வாரம் ஆகும், எங்க வண்டி தண்ணி இழுக்காது. அதுவரைக்கும் டெல்மருக்கும் தீயணைப்பு நீதான்.