எச்சில் மீன்

மாமியார்: தொட்டீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

மாப்பிள்ளை: அத்தை, முதல்ல அந்தத் தண்ணிக் குழாயைக் குடுங்க. படகு காயறதுக்குள்ள உப்பைக் கழுவணும்.

மாமியார்: உப்பு எங்கயும் ஓடிடாது. தூண்டில் கோலைத் தொட்டீங்களா?

மாப்பிள்ளை: ...தொட்டேன்.

மாமியார்: எந்தக் கையால?

மாப்பிள்ளை: எந்தக் கையா இருந்தா என்ன? ரெண்டு கையாலயும்தான்.

மாமியார்: அடப் பா... மாப்பிள்ளையாச்சேன்னு வாயைக் கட்டிக்கிட்டு நிக்கறேன். இல்லைன்னா வர்ற வார்த்தைக்கு...

மாப்பிள்ளை: இதுதான் வாயைக் கட்டினதா? படகுத்துறை முழுக்கக் கேக்குது.

மாமியார்: கேக்கட்டும்! ரெண்டு மணி நேரம் இருபது நிமிஷம், நம்ம படகை வாடகைக்கு எடுத்த அந்தம்மா மயில்மீனோட மல்லுக்கட்டினாங்க. அவ்வளவு நேரமும் நான் சுக்கானை விட்டு அசையல. மீன் போற பக்கமெல்லாம் படகைத் திருப்பித் திருப்பி என் மணிக்கட்டு வீங்கிப் போச்சு. பத்தடி... பத்தே அடி தூரத்துக்கு வந்துடுச்சு. தூண்டில் நரம்பை எட்டிப் பிடிச்சு, மீனைப் பக்கத்துல கொண்டுவந்து, ஒரு போட்டோ எடுத்து, திரும்பக் கடல்ல விட வேண்டியதுதான் பாக்கி. நரம்பைப் பிடிக்கிறது உங்க வேலை. கோலைப் பிடிக்கிறது அந்தம்மா வேலை. இது கூடவா தெரியாது?

மாப்பிள்ளை: தெரியும்.

மாமியார்: தெரிஞ்சுமா! போட்டியில வேற ஒருத்தர் கை கோல்ல பட்டா அந்த மீன் செல்லாது. எச்சில் மீன்! போன மாசம் இன்னொரு படகுக்கு ஆச்சே, அப்ப விழுந்து விழுந்து சிரிச்சது யாரு?

மாப்பிள்ளை: நீங்களும் நானும்தான்.

மாமியார்: இப்ப ஊரே நம்மளைப் பார்த்துச் சிரிக்குது. நல்லா இருக்கா?

மாப்பிள்ளை: ஒரு மீனுக்குப் போய் இப்படி...

மாமியார்: ஒரு மீனா? ஜெயிச்ச படகுக்கு அடுத்த குளிர்காலம் முழுக்க, துறையில படகு கட்ட முதல் கட்டை! பனிக்குப் பயந்து இந்த வெதுவெதுப்பான கடலைத் தேடி வர்றவங்க, வந்து இறங்கினதும் எந்தப் படகு கண்ணுல படுதோ அதுலதான் ஏறுவாங்க. நாம ஒன்பது வருஷமா கடைசிக் கட்டையில கட்டறோம். மீன் குடல் கொட்டற மேடைக்குப் பக்கத்துல. நம்மளைத் தேடி வர்றது ஈயும் பூனையும்தான்.

மாப்பிள்ளை: அந்தம்மா நாலு வருஷமா வர்றாங்களே.

மாமியார்: முதல் வருஷம் வழி தெரியாமத்தானே வந்தாங்க!

மாப்பிள்ளை: சரி... வழுக்கிடுச்சு, போதுமா? தளம் ஈரமா இருந்துச்சு. விழாம இருக்கக் கோலைப் பிடிச்சுட்டேன்.

மாமியார்: பொய். பன்னெண்டு வருஷமா இதே தளத்துல நிக்கறீங்க. அலை ஆளுயரம் வந்தப்ப வழுக்காத காலு, கடல் தூங்கிக்கிட்டு இருந்த இன்னைக்கு வழுக்குதா? மேல சுக்கான் மேடையிலருந்து பார்த்தேன். தாவிப் போய்ப் பிடிச்சீங்க.

மாப்பிள்ளை: பார்த்தீங்கன்னா ஏன் கேக்கறீங்க?

மாமியார்: உங்க வாயாலயே வரட்டும்னுதான்! அவசரம். மீனு நழுவிடுமோன்னு அவசரம். நாமதான் பிடிச்சோம்னு பேர் வாங்கற அவசரம்.

மாப்பிள்ளை: ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு...

மாமியார்: யாரைச் சொல்றீங்க?

மாப்பிள்ளை: பொதுவாச் சொன்னேன்.

மாமியார்: நானும் பொதுவாச் சொல்றேன், கேட்டுக்குங்க. நாளையிலருந்து இந்தப் படகுல ஏறாதீங்க.

மாப்பிள்ளை: ...என்ன?

மாமியார்: வீட்டுக்கு வாங்க, மாப்பிள்ளைக்கு உண்டான மரியாதையைக் குறைக்க மாட்டேன். படகுக்கு வேற ஆள் பார்த்துக்கறேன். என் பொண்ணுகிட்டயும் நானே சொல்லிடறேன்.

மாப்பிள்ளை: அவகிட்ட என்னன்னு சொல்வீங்க? உன் புருஷன் படகைக் கவுத்துட்டான்னா?

மாமியார்: வேற என்ன சொல்லணும்?

மாப்பிள்ளை: அந்தம்மாதான் தொடச் சொன்னாங்க!

மாமியார்: ...யாரு?

மாப்பிள்ளை: அந்தம்மாதான்! ஒரு மணி நேரத்துலயே அவங்களுக்குத் தோளு விட்டுப் போச்சு. விரலெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடக்கு. நரம்பை அறுத்துடட்டுமான்னு காதுல கேட்டேன். வேண்டாம்னு தலையை ஆட்டினாங்க. பின்னால அவங்க பெத்த ரெண்டு தடியனுங்களும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தானுங்க தெரியுமா? அம்மா எத்தனை நிமிஷத்துல கையை விடுவாங்கன்னு பந்தயம் கட்டிக்கிட்டு இருந்தானுங்க.

மாமியார்: மேலேருந்து எனக்கு ஒண்ணும் கேக்கலையே...

மாப்பிள்ளை: இன்ஜின் சத்தத்துல எங்க கேக்கும்! "தம்பி, நானா விட்டேன்னா சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. நீ தொட்டுடு. தப்பு உன்னோடதா இருக்கட்டும்"னாங்க. மீன் ஒரு தடவை எகிறிக் குதிச்சுச்சு. பசங்க ரெண்டு பேரும் அதையே வாய் பிளந்து பார்த்தானுங்க. அப்பதான் போய்ப் பாரத்தைத் தாங்கினேன்.

மாமியார்: இதை என்கிட்ட ஏன்டா சொல்லல!

மாப்பிள்ளை: ஏன்டாவா?

மாமியார்: ஏன்... ஏங்க சொல்லல, மாப்பிள்ளை!

மாப்பிள்ளை: யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. உங்ககிட்ட சொன்னா துறைக்கே சொன்ன மாதிரி. இப்பக்கூடப் பாருங்க, கத்திக் கத்தி என் வாயைப் பிடுங்கிட்டீங்க. நானே போய்ச் சொல்லிடலாம்னுதான் இருந்தேன், அத்தை. வழுக்கி விழுந்தேன், கை பட்டுடுச்சு, மன்னிச்சுக்குங்கன்னு கௌரவமா. நாம ஏமாத்தி ஜெயிக்கிற ஆளுங்க இல்லையே. கரை ஏறினதும் அந்தம்மாவை டாக்டர்கிட்ட விட்டுட்டு நேரா போட்டி ஆபீசுக்குப் போறேன்... "தெரியும், எழுத்துலயே வந்துடுச்சு"ன்னு சொல்லிச் சிரிக்கறாங்க. அதுக்குள்ள ஒருத்தன் ஓடிப் போய்ப் போட்டுக் குடுத்திருக்கான்!

மாமியார்: மாப்பிள்ளை, அது வந்து...

மாப்பிள்ளை: யாருன்னு எனக்குத் தெரியும். முதல் கட்டையில படகு கட்டறானே, அந்த மொட்டை! நம்ம மீன் செல்லலைன்னா அவன் படகுதானே முதல்? ஒன்பது வருஷமா அந்தக் கட்டையில உக்காந்தும் அவனுக்கு வயிறு நிறையல.

மாமியார்: எங்க போறீங்க? கையில என்ன அது?

மாப்பிள்ளை: மீன் கொக்கி.

மாமியார்: கீழ வைங்க அதை.

மாப்பிள்ளை: அவன் தலையில முடிதான் இல்லை. இன்னைக்குத் தோலும் இருக்காது.

மாமியார்: மொட்டை இல்லை, மாப்பிள்ளை. அவன் படகு அப்ப கண்ணுக்கெட்டின தூரத்துலயே இல்லை.

மாப்பிள்ளை: பைனாகுலர் வச்சிருக்கான்ல?

மாமியார்: நில்லுங்கன்னா நிக்கணும்! அவன் எழுதிக் குடுத்தா ஆபீஸ்ல வாங்கவே மாட்டாங்க.

மாப்பிள்ளை: ஏன் வாங்க மாட்டாங்க?

மாமியார்: வைங்க அந்தக் கொக்கியை... சாயங்காலம் பரிசு குடுக்கற இடத்துக்கு நீங்க வர வேண்டாம். என் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வராதீங்க.

மாப்பிள்ளை: ஏன்? நான் என்ன திருடனா?

மாமியார்: செல்லாமப் போன மீனுக்கு என்ன காரணம்னு மைக்ல படிப்பாங்க.

மாப்பிள்ளை: படிக்கட்டுமே. அந்த மொட்டை அப்படி என்னதான் எழுதிக் கிழிச்சான்னு நானும் கேக்கறேன்.

மாமியார்: மீன் பிடிச்ச படகோட அந்தப் படகோட்டிதான் எழுதிக் கையெழுத்துப் போடணும், மாப்பிள்ளை... பொய்க் கையெழுத்துப் போட எனக்கு மனசு வரல. நீங்க டாக்டர்கிட்ட போயிருந்த நேரத்துல நான்தான் எழுதிக் குடுத்தேன். காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதுல... "என் மாப்பிள்ளையின் பேராசை"ன்னு எழுதிட்டேன்.