ரெண்டு மைனஸ்

பிராமி: மெசேஜு தப்பா வந்துடுச்சுன்னு சொன்னதும் மேல்மலையனூர்க்காரரு கடைசியா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, தென்னரசு. "அப்ப நான் சாப்பிடலாமாம்மா"ன்னு.

தென்னரசு: திட்டலையா மேடம்?

பிராமி: திட்டியிருந்தா பரவால்ல... சாப்பிடுங்கய்யான்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். அதோட பத்து பேரு ஆச்சு. பதினொண்ணாவது யாரு?

தென்னரசு: அத நான் பாத்துக்கறேன். மொதல்ல இது எப்படி ஆச்சுன்னு சொல்லுங்க. சோதனைக்குத்தான ஓட்டினேன்? நீங்க எழுதிக் குடுத்த சீட்டுல இருக்கறபடியே அடிச்சேன். கடைசியில மைனஸ் போட்டு இங்கிலீஷ் 'என்'. அத போட்டா மெசேஜு ஸ்கிரீன்ல மட்டும் வரும், யாருக்கும் போவாதுன்னு...

பிராமி: நாந்தான் சொன்னேன்.

தென்னரசு: "சிறுநீரகம் கிடைத்துள்ளது, எதுவும் சாப்பிடாமல் உடனே விழுப்புரம் வரவும்"னு பதினோரு வூட்டுக்குப் போயிருக்கே மேடம். வருசக்கணக்கா டயாலிசிஸ் பண்ணிக்கினு காத்துக்கெடக்கறவங்க...

பிராமி: என் புரோகிராமு லிஸ்புங்கற கம்ப்யூட்டர் மொழில எழுதினது. நாம அடிக்கிறத மொதல்ல லிஸ்புதான் படிக்கும். அதுக்குன்னு சொந்தமா சில ஆப்ஷன் இருக்கு. அது வந்தா எடுத்துக்கும். மிச்சந்தான் என் புரோகிராமுக்கு.

தென்னரசு: மைனஸ் என் அதுக்கும் இருக்குதா?

பிராமி: இருக்கு. ஆரம்பிக்கறப்ப ஒரு செட்டிங் ஃபைலைப் படிக்காதேன்னு அர்த்தம். அவ்ளோதான். லிஸ்பே எடுத்துக்கிச்சு, என் புரோகிராமுக்கு ஒண்ணும் வரல. வரலன்னா புரோகிராமு நிஜமாவே அனுப்பிடும்.

தென்னரசு: நீங்க ஓட்டறப்ப மட்டும் எப்படி...

பிராமி: மைனஸ் என்னுக்கு முன்னாடி தனியா ரெண்டு மைனஸ் அடிப்பேன். அதுக்கப்பறம் இருக்கறத லிஸ்பு தொடாது. என் கை தானா அடிச்சுடும்... சீட்டுல எழுத விட்டுப்போச்சு.

தென்னரசு: அந்த ரெண்டு மைனஸ் இல்லாததாலதானா மேடம்?

பிராமி: ஆப்ஷன் எதுவும் இல்லன்னா அனுப்பாம நிக்கறமாதிரிதான் எழுதியிருக்கணும். தினம் எதுக்குக் கூடுதலா அடிக்கணும்னு... என் சோம்பேறித்தனம் தென்னரசு. உங்க தப்பு இல்ல. நம்மள வேலைக்கு வெச்சிருக்கற டிரஸ்டுல நானே சொல்லிடறேன்.

தென்னரசு: அத அப்பறம் பாக்கலாம் மேடம்.

பிராமி: பதினொண்ணாவது பேரு இங்க ஸ்கிரீன்ல இருக்கு, நம்பரக் குடுங்க. பொன்னி, திண்டிவனம்... முப்பத்தெட்டு வயசுதான். மெசேஜு போயி ஒரு மணி நேரம் ஆவுது, இன்னேரம் பஸ்ஸே ஏறியிருப்பாங்க.

தென்னரசு: ஏறிடுச்சு.

பிராமி: உங்களுக்கு எப்படித் தெரியும்?

தென்னரசு: மேடம்... என்னை வேலைக்கு எடுக்கறப்ப ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினீங்களே. கிட்னிக்குக் காத்திருக்கறவங்க பட்டியல்ல எனக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லன்னு.

பிராமி: ஆமா. யாரும் யாரையும் முன்ன தள்ளிடக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் வாங்கறதுதான். அது ஏன் இப்ப? உங்க போன் வேற நாலாவது வாட்டியா அடிக்குது, எடுங்க.

தென்னரசு: ஒரு நிமிஷம்... அக்கா, நாந்தான். இல்லக்கா, எடுக்க முடியல... எங்க வந்துக்கினு இருக்கற, கூட்டேரிப்பட்டா? அங்கியே எறங்கிடு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்... நீ எறங்கி, மொதல்ல எதுனா சாப்பிடுக்கா.