கேக்கலைன்னு தூக்கின சத்தம்

...பதினோரு நாளும்மா! இன்னையோட பதினோரு நாள். ஒத்த வார்த்த... ம்ஹூம். வாயத் தொறக்கலியே மனுசன்!

உக்காருங்க, உக்காருங்க. கீழ் படியிலயே உக்காருங்க, நம்ம கட்டடத்து சவுனா அடுப்பு கொஞ்சம் முரடு, ஆவி குபுகுபுன்னு கெளம்பும். பழகாதவங்கள மேல் படி தொரத்திடும். மொத தடவதானே? நான் ஹெல்கா. ரெண்டாவது மாடி, லிஃப்டுக்கு எதுத்த கதவு. நீங்க மிர்வா, மூணாவது மாடி... தெரியும் தெரியும், தபால் பொட்டியில பேர் ஒட்டினதப் பாத்தேன். அடுப்புக் கல்லு மேல தண்ணி ஊத்தட்டுமா? ஒரே ஒரு அகப்பை. ஆங்... உஸ்ஸ்... இப்படித்தான் இருக்கணும்.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? எஸ்கோ. எங்க வீட்டுக்காரரு. பேசாத மனுசந்தான், இல்லைங்கல. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு நான் கேட்டப்பவே தலைய ஆட்டினதோட சரி. முப்பத்தஞ்சு வருசம் அந்த மௌனத்தோட குடித்தனம் பண்ணவ நான். அதுல எத்தன தினுசு இருக்குன்னு எனக்குத் தெரியும். காபி நல்லாருக்குங்கறதுக்கு ஒரு மௌனம், நாளைக்கு பனி கொட்டும்ங்கறதுக்கு ஒரு மௌனம், ஒன் தங்கச்சி எப்பக் கெளம்புவாங்கறதுக்கு ஒண்ணு. இது அதுல எதுலயும் சேத்தி இல்லம்மா. காலையில எந்திரிக்கறாரு, ஓட்ஸ் கஞ்சியக் குடிக்கறாரு, தன்னோட தந்தி வாத்தியம் காந்தெலெயக் கம்பளியில சுத்திக்கிட்டு கீழ நெலவறைக்குப் போயிடறாரு. நெலவறைக்கு! சைக்கிளும் பழைய பனிச்சறுக்குக் கட்டையும் கெடக்கற எடத்துல போயி உக்காந்து வாசிக்கற அளவுக்கு வீட்டுல யாரு என்ன பண்ணிட்டாங்க?

ம்? கேட்டீங்களா? ஓ, கேட்டிருக்கீங்களா! சைக்கிள் எடுக்கப் போனப்பவா? இல்ல, அவரு தப்பா எடுத்துக்கற ஆளு இல்ல, நீங்க பாட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. எப்படி இருந்துச்சு? மெதுவா... ஆமா. ரொம்ப மெதுவா. அது பெரிய கச்சேரிக் காந்தெலெ இல்ல, மடியில வைக்கற சின்னது, பதினஞ்சு தந்தி. விரல் பட்டாப் போதும். அவரு விரல் படறதே சந்தேகந்தான். சில சமயம் தந்தியப் பாத்துட்டே இருப்பாரு, அதுவாப் பாடும்.

அதுதான் கொழப்பமே. என் தொழில் என்னன்னா... பாட்டு ரெக்கார்ட் பண்ணி முடிச்சப்புறம், இசைத்தட்டு அடிக்க அனுப்பறதுக்கு முன்னாடி, கடைசியா ஒருத்தங்க உக்காந்து எல்லாத்தையும் கேட்டு, எங்க கூட்டணும் எங்க கொறைக்கணும், எந்தப் பாட்டுக்கு அப்புறம் எவ்ளோ மூச்சு விடணும்னு சரி பண்ணுவாங்க இல்ல? மாஸ்டரிங். அதுதான் நான். இருபத்தாறு வருசமா. நாட்டுப் பாட்டு, சர்ச்சு ஆர்கன், வயலின், அக்கார்டியன்... கம்பியில கரண்ட் ஓடாத வாத்தியம் எல்லாம் எங்கிட்டதான் வரும்.

என் பேச்சு என்னன்னு இந்தத் தம்பெரே ஊருல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. "சத்தத்த அமுக்காத. தூக்காத." அவ்ளோதான். பாட்டுக்கு மேடும் பள்ளமும் வேணும். மெதுவா வாசிச்சது மெதுவாத்தான் இருக்கணும். அத மட்டம் தட்டிட்டா, ஓங்கி அடிச்சதுக்கு என்ன மரியாத? போன வருசம் மூணு பேரு அக்கார்டியனத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. "சுவரு அதிரணும், ஹெல்கா"ன்னாங்க. சுவரு அதிரணும்னா சுத்தியல் வாங்கிக்குங்க, என்னை ஏன் தொந்தரவு பண்றீங்கன்னு அனுப்பிட்டேன். காலேஜுல கூப்பிட்டாங்க, அங்கயும் போயிச் சொன்னேன். கணினியில பாட்டு ஓட்டற கம்பெனிக்காரன் எல்லாப் பாட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டாந்துடறான்டா, கத்தினவனையும் புடிச்சு எறக்கி விட்டுடறான், அப்புறம் கத்தி என்னத்தக் கண்டீங்க? உச்சி மழுங்கினதுதான் மிச்சம்! எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்கம்மா.

இன்னொரு அகப்பை? வேணாமா. சரி, பாதி.

லிஃப்டுல ஒரு சீட்டு ஒட்டியிருக்கே, பாத்தீங்களா? "ரெண்டாவது மாடியில் உள்ளவர்கள் பேச்சுச் சத்தத்தைக் குறைக்கவும்." பேச்சு! பாட்டுன்னு போட்டாக்கூட ஒரு ஞாயம் இருக்கு. வீட்டுல பேசற ஆளே ஒருத்தரு, அந்த ஒருத்தரும் நானு... யாரா இருக்கும்னு நெனைக்கறீங்க? நீங்க வந்து ரெண்டு வாரம் இருக்குமா? சீட்டும் ரெண்டு வாரமாத்தான்... ச்சே ச்சே, நான் ஒங்கள ஒண்ணும் சொல்லலம்மா. ஏன் இப்படிச் செவக்குறீங்க? சூடுதான். அடுப்பு முரடு.

ஆங், எஸ்கோ. அறுபத்திமூணு வயசுல மொதத் தட்டு. அதுவும் அவரு கேக்கல. ரெக்கார்ட் பண்ணற ஆளு ஒருத்தரு, தூவோமாஸ்னு, அவரு கெஞ்சிக் கூத்தாடி வடக்க ஒரு மரச் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனாரு. பிப்ரவரி. வெளிய மைனஸ் இருபத்தெட்டு. உள்ள ஒரு வெறகு அடுப்பு, ஒரு நாக்காலி, ரெண்டு மைக். ஒம்பது பாட்டு. முடிச்சுட்டு வந்து ஃபைல மேசையில வச்சாரு, எங்கிட்ட. காபி குடிச்சாரு.

சொக்கத் தங்கம் அந்த ரெக்கார்டிங்! அடுப்புல வெறகு படபடன்னு வெடிக்கறது தூரத்துல கேக்கும். நாக்காலி கிறீச்சுங்கும். அவரு மூச்சு விடறது கேக்கும், சில எடத்துல தொண்டைக்குள்ளயே முனகிக்கறதுகூட. அவருக்கே தெரியாது முனகறோம்னு. மெதுவான எடத்துல தந்தி நிக்குதா ஓடுதான்னே தெரியாது... காத நீட்டிக்கிட்டுப் போயித் தேடணும். நான் ஒண்ணுமே பண்ணல. பாட்டுக்குப் பாட்டு எடவெளி மட்டும் வச்சு, சும்மா விட்டுட்டேன். அப்படியே விட்டிருந்தா இன்னைக்கு இந்தக் கத இல்ல.

வந்தா பாருங்க ரைலி! எஸ்கோவோட அக்கா. "எங்க, தம்பி பாட்டப் போடு, கேப்போம்"ன்னா. எங்க வச்சுக் கேக்கறா? காருல! பழைய காரு, ஆணி வச்ச பனி டயரு, ரோடு பூரா சரளக் கல்லு. நான் முன்னாடி, எஸ்கோ பின் சீட்டுல. போட்டேன். பத்து நிமிசம் போச்சு. ரைலி சொல்றா, "ஏன் ஹெல்கா, இன்னும் ஆரம்பிக்கலியா?" ரெண்டு பாட்டு முடிஞ்சிருச்சும்மா! ரெண்டு முழுப் பாட்டு!

நான் சிரிச்சேன். ரைலியும் சிரிச்சா. திரும்பிப் பாத்தா... எஸ்கோ சன்னலுக்கு வெளிய பாத்துட்டு இருக்காரு. வெளிய என்ன இருக்கு? பனி. அதையே பாத்துட்டு இருக்காரு.

அதுல ஆரம்பிச்சது. அன்னைக்குக் காருல வாங்கின அடி. ஐயோ, இந்த மனுசன் பாட்ட ரேடியோவுல போட்டா, முன்னாடி ஒருத்தன் கத்துவான், பின்னாடி ஒருத்தன் கத்துவான், நடுவுல நாலு நிமிசம் ரேடியோ ரிப்பேர்னு நெனைச்சு ஆளுங்க தட்டிப் பாப்பாங்களேன்னு தோணிருச்சு. இத்தன வருசம் கழிச்சு ஒரு தட்டு. யாருக்கும் கேக்காமப் போயிட்டா?

கொஞ்சூண்டு தூக்கினேன்.

ஆமாம்மா, நாந்தான். வேற யாரு தூக்குவா? அந்த மேசைக்கு முன்னாடி இருக்கறது ஒரே நாக்காலி.

கொஞ்சூண்டுதான். மூணு டெசிபெல். ஆனா கேளுங்க, இதுல ஒரு சிக்கல் இருக்கு. உச்சத்த அமுக்கிட்டு மொத்தமாத் தூக்கினா, தந்தி மட்டுமா மேல வரும்? அடியில கெடந்தது பூராவும் கூட எந்திரிச்சு வரும். அடுப்புல வெறகு வெடிக்கறது துப்பாக்கி சுட்ட மாதிரி ஆயிருச்சு. சரின்னு அத ஒவ்வொண்ணாத் தேடி எடுத்தேன். அத எடுத்தா நாக்காலி கிறீச்சு. நாக்காலிய எடுத்தா மூச்சு, ரம்பம் அறுக்கற மாதிரி. மூச்ச எடுத்தா முனகல் தனியா, ஆவி மாதிரி. முனகலையும் தொடச்சேன். இவ்ளோ தொடச்சப்புறம் எடம் காலியா இருக்கே, இன்னும் ரெண்டு தூக்கினா என்னன்னு தூக்கினேன். ஒவ்வொரு பாட்டு முடிவுலயும் தந்தி அடங்கி அடங்கி, பத்து பன்னெண்டு செகண்டு சர்ச்சுக்குள்ள சுத்திட்டுத்தான் சாவும். அங்க இரைச்சல் மழை மாதிரி கெளம்பிருச்சு. ரெண்டாவது செகண்டுலயே வெட்டி மூடிட்டேன். ஒம்பது பாட்டுக்கும்.

நாலு நாள் வேல. முடிச்சுப் பாத்தா... உருளக்கெழங்கு மசியல். ஒரு கட்டி இல்ல, ஒரு மேடு இல்ல. ஆனா ரைலி காருல நல்லாக் கேட்டுச்சு! "இப்பத்தான் தம்பி வாசிக்கவே ஆரம்பிச்சிருக்கான்"ன்னா. நானும் பல்லக் காட்டினேன்.

எந்திரிக்காதீங்க, இருங்க, முக்கியமான எடம். தண்ணி ஊத்தல, போதுமா?

நூலகத்துல வெளியீடு வச்சாங்க. நாப்பது பேரு, ஏலக்கா பன்னு, காபி. எஸ்கோ வாசிக்க மாட்டேன்னுட்டாரு, தட்ட ஓட விட்டாங்க. அவரு மொத வரிசையில உக்காந்து கேக்கறாரு. அப்பத்தான் மொத தடவ கேக்கறாரு. நான் எப்பவும் அவருகிட்டக் காட்டிட்டுத்தான் அனுப்புவேன்... இந்தத் தடவ காட்டல. ஏன் காட்டலன்னு கேக்காதீங்க. மூணு பாட்டு கேட்டாரு. அப்புறம் எம்பக்கம் திரும்பினாரு. ரொம்ப மரியாதயா, ஒரு புது ஆளுகிட்டப் பேசற மாதிரி, "நல்லா வாசிக்கறாரு. யாரு அது?"ன்னாரு.

அதான் கடைசியாப் பேசினது.

எனக்குக் கோவம் வராதாம்மா? யாருக்காகப் பண்ணேன்? ஒலகத்துக்கே தூக்காதன்னு சொன்னவ, ஒனக்காகத் தூக்கினேன்டா மனுசா! ஒரு வாரம் அந்தக் கோவத்துலயே இருந்தேன். பாத்திரத்தப் போட்டு உருட்டினேன், ரைலிகிட்ட போன்ல ஒரு மணி நேரம்... ஓ, அது மேல வரைக்கும் கேட்டுதா? ம்... கேட்டிருக்கும்.

நேத்து காலையில, இவரு நெலவறைக்குப் போனப்புறம், என் பக்கம் ஞாயம் இருக்கான்னு பாக்கறதுக்கே பழைய ஃபைல எடுத்தேன். தூவோமாஸ் கொடுத்த மொத ஃபைலு, கை வைக்காதது. ஹெட்ஃபோனப் போட்டேன். மீட்டரப் பாக்கக் கூடாதுன்னு தெரையில ஒரு துண்டப் போட்டு மூடினேன். அந்த நாலு நாளும் நான் எங்க கேட்டேன்? முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்துட்டு இருந்தேன். கண்ணாலயே மாஸ்டரிங்.

ஆறாவது பாட்டு. முடியுது. தந்தி அடங்குது... அடங்குது... ஆறு, ஏழு, எட்டு... அடுப்புல ஒரு வெடி. அதுக்குக் கீழ, அதுக்கும் கீழ, எஸ்கோ. தூவோமாஸ்கிட்டப் பேசறாரு. "இது ஹெல்காவுக்கு. அவகிட்டச் சொல்லிடாதீங்க."

...

ரெண்டாவது செகண்டுல வெட்டினேன்ல? அது ஒம்பதாவது செகண்டு.

கள்ள மனுசன்! சொல்லிடாதீங்களாம்! ஃபைலு எங்கிட்டத்தான் வரும்னு தெரியாதா அவருக்கு? மைக் ஓடிட்டு இருக்குன்னு தெரியாதா? எங்காதுல விழட்டும்னுதானே, நேருல சொல்ல வாய் வராமத்தானே... இப்ப நீங்க சொல்லுங்க மிர்வா, அவரு என்ன நெனைச்சிருப்பாரு? இருபத்தாறு வருசமா ஊசி விழுந்தாக் கண்டுபுடிக்கறவ இவ. இவ கேட்டிருப்பா. கேட்டுட்டு, இரைச்சல்னு வெட்டித் தூரப் போட்டுட்டான்னுதானே நெனைச்சிருப்பாரு? பதினோரு நாளா அத நெனைச்சுக்கிட்டா கீழ சைக்கிளுக்கு நடுவுல உக்காந்திருந்தாரு? நான் அந்த மௌனத்துக்கு ஏதேதோ அர்த்தம் வச்சு, பாத்திரத்த உருட்டி...

போயிச் சொல்ல வேண்டியதுதானே, அதான் கேக்கறீங்க? வாய் வரலம்மா. எனக்கு! ரெண்டாவது மாடிச் சத்தத்துக்கு! ராத்திரிச் சாப்பாட்டுல மூணு தடவ ஆரம்பிச்சேன், மூணு தடவயும் "சூப்புல உப்பு சரியா இருக்கா"ன்னுதான் வந்துச்சு.

என்ன? மணியா? ஏழா! ஐயோ, அடுத்தது ஆம்பளைங்க முறை... நீங்க போங்க, போயி மேலுக்கு ஊத்திக்கிட்டுக் கெளம்புங்க. நானும் வரேன். அடடே, ஓட்டமா ஓடறீங்க, தர வழுக்கும் பாத்து... மிர்வா! இந்தாங்க, ஒங்க செருப்பு ஒண்ணு இங்கயே... இருங்க, துண்டச் சுத்திக்கிட்டு வாசல்ல கொண்டாந்து தரேன், கால்ல ஈரத்தோட... மிர்வா...

எஸ்கோ.

எப்ப வந்த? ஆறே முக்காலுக்கா? கால் மணி நேரமா வெளிய இந்தப் பெஞ்சுல வாளிய வச்சுக்கிட்டு... கதவு இவ்ளோ மெல்லிசா? அந்தப் பொண்ணு ஒன்னைப் பாத்துட்டுத்தான் அப்படிச் செவந்து ஓடிச்சா?

எதுவரைக்கும் கேட்ட? காரு? நூலகம்?... எல்லாமுமா?

எனக்குத் தெரியாது எஸ்கோ. சத்தியமா எனக்குக் கேக்கல. தெரிஞ்சு வெட்டல. அடிச்சு வந்த முந்நூறு தட்டும் விக்காம நெலவறையிலதான் கெடக்கு, ஒண்ணக்கூட வெளிய விட மாட்டேன். மறுபடி பண்றேன். நீ பக்கத்துல உக்காரு, சமையக்கட்டுலேர்ந்து இன்னொரு நாக்காலி கொண்டாந்து போடறேன். நாக்காலி கிறீச்சும் இருக்கும், அடுப்பும் இருக்கும். கேக்கலன்னா கேக்கறவன் திருகிக் கூட்டிக்கட்டும், அவனுக்குக் கை இல்லியா? ஆறாவது பாட்டுல மட்டும் அந்த ஒம்பதாவது செகண்ட ஊரு கேக்கணுமா வேணாமான்னு நீ முடிவு பண்ணு, நான் வாயத் தொறக்க மாட்டேன், நான் என்ன சொல்றேன்னா, ரைலி என்ன சொன்னாலும் சரி, ரேடியோக்காரன் என்ன...

ம்? என்ன?

இல்ல இல்ல, சொல்லு. நிறுத்திட்டேன். குளுரல, நிக்கறேன்.

சொல்லு எஸ்கோ.