அடுத்த கடை விலை

“அலோ... டாக்டரம்மா? திரைத்துணிக் கடைக்காரன் பேசறேன்... ஆமாமா, முட்டி வீங்கினவங்க வீட்டுக்காரர்தான். நேராவே கேட்டுடறேன். என் பொண்டாட்டி பழையபடி மாடிப்படி ஏறி வந்து என்னைத் திட்டணும். அதுக்கு என்ன விலை? சொல்லுங்க. இன்னிக்குப் பேரம் பேச மாட்டேன்.”

பேரம் பேசாமல் ஒரு ஊசிகூட வாங்கியறியாத மனிதர் அவர்.

“மாத்திரையா? விடாம குடுக்கறேன். வலி குறைஞ்சுது... ஆமா ஆமா, முதல்ல குறைஞ்சுது. இப்போ விரலே மடங்க மாட்டேங்குது. அது கிடக்கட்டும், பாத்ரூம் போனா... அது வந்து... ரத்தமா போகுது... இல்ல, இன்னிக்குன்னு இல்ல... அதான் சொல்ல வரேன். வயித்துக்கு வேற டாக்டர்கிட்ட பாக்குறோம். குடல்ல புண்ணுன்னார்... ரொம்ப நாளாத்தான்... உங்ககிட்ட சொல்லல.”

போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

“திட்டுங்கம்மா, நல்லாத் திட்டுங்க... ஏன் சொல்லலையா? பழக்கதோஷம். ஒரு கடையில சரக்கு பாக்கும்போது அடுத்த கடை விலையை வெளிய விடக்கூடாதுன்னு வளர்ந்தவன் நான். ஒருத்தருக்குத் தெரியாம இன்னொருத்தர்கிட்ட போனாத்தான் ரெண்டு பேரும் ஒழுங்கா பாப்பீங்கன்னு... ஆமா. அவருக்கும் முட்டி சமாசாரம் தெரியாது. அவ சொல்ல வாயெடுத்தா. நான்தான் கண்ணைக் காட்டி அடக்கிட்டேன்.”

அந்தப் பக்கம் நிறையப் பேச்சு.

“இருங்க, மெதுவா... குடலும் முட்டியும் ஒரே வியாதியா? கிருமியை அடிக்க உடம்பு வெச்சிருக்கிற ஆளுங்க... சரி... குடல்ல சண்டையை ஆரம்பிச்சு, அங்கேருந்து கிளம்பிப் போய் முட்டியிலயும் அடிக்கிறாங்க. ம்... ‘போதும், கலைஞ்சு போங்கடா’ன்னு அடக்குற ஆளுங்களும் உள்ள உண்டா?... இவளுக்கு அவங்க பேச்சு எடுபடல. புரியுது. வீட்டுல என் பேச்சு மாதிரி.”

யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

“அந்த வலி மாத்திரை குடலை இன்னும் கிளறி விட்டிருக்கும்னா... என் கையால குடுத்தேனே டாக்டரம்மா. வேண்டாம்னவளை மிரட்டிக் குடுத்தேனே... நிறுத்திடறேன். இப்பவே... சரியாயிடுமில்ல?... பாக்கலாம்னா? எவ்வளவு பாக்கலாம்?... பாதியாவது சொல்லுங்களேன். படி ஏற வேண்டாம், விரல் மடங்கினாப் போதும்... சரி, விரலையும் விட்டுடுங்க. ரத்தம் நிக்கட்டும்... இதுக்குக் கீழ என்னால இறங்க முடியாதும்மா.”

கடைக்குப் பின்னால், துணி உருளைகளை ஒதுக்கிவிட்டுப் போட்ட கட்டிலிலிருந்து முனகல் கேட்டது.

“வரேன்மா! நீயா எழுந்திரிக்காதே, நான் வந்து தூக்கறேன்!... உங்களை இல்ல டாக்டரம்மா, அவளைச் சொன்னேன்... உடனே கூட்டிட்டு வரேன். வயித்து டாக்டரையும் வரச் சொல்றேன். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பாருங்க... என்னது, ஜுரமா? இருக்கு. நேத்திலேருந்து... ஏன் கேக்கறீங்க? ஜுரம் இருந்தா என்ன?... அலோ?... அலோ?”

போன் செத்துவிட்டது. அதை மேஜையில் போட்டுவிட்டு உள்ளே ஓடும்போதும் அவர் மனம் பழக்கப்படி கணக்குப் போட்டது. முட்டி டாக்டரிடம் மறைத்தது வயிற்றை, அது தீர்ந்தது. வயிற்று டாக்டரிடம் மறைத்தது முட்டியை, இன்று தீர்ந்துவிடும். மிரட்டிக் கொடுத்த மாத்திரைதான் குடலைக் கிளறியிருக்கும் என்று அவளிடம் சொல்ல வேண்டியது, பாக்கி.