பெரட்டு

தயானந்தன்: ...அப்போ அந்த ரூம் பூட்டியே இருக்கா?

பிரேமலா: பூட்டல அண்ணே. சாத்தியிருக்கு.

தயானந்தன்: உள்ள ஏதோ சத்தம் கேட்டுச்சு.

பிரேமலா: மழை வரப்போகுது. காத்துக்குத் தகரம் அப்படித்தான் சத்தம் போடும். உக்காருங்க. மைலோவா, பால் போடாத தே ஓவா?

தயானந்தன்: எதுவும் வேணாம்மா. குளுவாங் வரைக்கும் வந்தேன், அப்படியே உங்க ஊரு லாயாங் லாயாங்குக்கும்... உங்கண்ணன் கவினோட கூட்டாளி நானு. எட்டிப் பாக்கலன்னா நல்லா இருக்காது. வாசல்ல ஒரு செருப்புகூடக் காணோம். வீட்டுல யாரும் இல்லன்னு திரும்பிப் போகப் பாத்தேன்.

பிரேமலா: நனையும்னு உள்ள எடுத்து வெச்சேன்.

தயானந்தன்: எல்லாத்தையுமா?

பிரேமலா: எல்லாத்தையும்தான்.

தயானந்தன்: அம்மா எங்க?

பிரேமலா: கோயிலுக்கு. அண்ணனப் புடிச்சிட்டுப் போனதுல இருந்து தினமும் போறாங்க. சாமிகிட்டயே மலாய்ல பேசுறாங்களாம். போலீஸ் ஸ்டேஷன்ல கெஞ்சிக் கெஞ்சிப் பழகிப்போச்சு.

தயானந்தன்: பாவம்லா... லாயர் என்ன சொல்றாரு?

பிரேமலா: பாதுகாப்புச் சட்டத்துல புடிச்சா ஜாமீன் கெடையாது, உள்ளதான் இருக்கணும்னு சொல்றாரு. அதுக்கு மேல கேட்டா கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிறாரு.

தயானந்தன்: அந்தச் சட்டம் வேணாம்னுதான் இவன் இதெல்லாம் செஞ்சான். கடைசியில அதுலயே மாட்டிக்கிட்டான்.

பிரேமலா: எங்கண்ணன் என்ன செஞ்சுச்சுன்னு எனக்குச் சரியாத் தெரியாது அண்ணே. நான் கிளினிக்ல மருந்து எண்ணிப் போடுறவ. கம்ப்யூட்டர்னா பயம்.

தயானந்தன்: நெசமாவா? நாடே பேசுது. காலையில அரசாங்க வெப்சைட்டத் தொறந்தா கறுப்பா ஆயிருது. மேல தமிழ்ல ஒரே ஒரு வார்த்த. கீழ ஒவ்வொரு பேரா வருது. விசாரணை இல்லாம உள்ள கெடக்கறவங்க பேரு. மலாய்க்காரங்க, சீனவங்க, நம்மாளுங்க, எல்லாரும். ஒரு பேரு வரும். பக்கத்துல, டைப் பண்றப்ப வருமே, அந்தக் கோடு மின்னிக்கிட்டே நிக்கும்... யாரோ பதில் சொல்லணும்ங்கற மாதிரி. கொஞ்ச நேரம் கழிச்சு அடுத்த பேரு.

பிரேமலா: அது தெரியும். பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா போன்ல காட்டுவாங்க. பெரட்டு.

தயானந்தன்: ஆங், அதான் அந்த வார்த்த. அப்படின்னா என்ன? எங்க வீட்டுல யாரும் சொல்லிக் கேட்டதில்ல. எங்க தாத்தா ரயில்வே கிளார்க்கு...

பிரேமலா: யாழ்ப்பாணத்து ஆளுங்க நீங்க. ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்.

தயானந்தன்: கிண்டலா?

பிரேமலா: இல்ல அண்ணே. எஸ்டேட்டுல விடியறதுக்கு முன்ன எல்லாரும் களத்துல வந்து நிக்கணுமாம். இருட்டுல மூஞ்சி தெரியாது. கங்காணி பேரு கூப்பிடுவாரு. 'இருக்கேன்'னு சத்தம் குடுக்கணும். அதுதான் பெரட்டு. சத்தம் வரலன்னா ஆளு இல்லன்னு அர்த்தம்.

தயானந்தன்: அப்போ, செத்துப் போனவங்க பேரு?

பிரேமலா: மறந்துபோயி கூப்பிட்டுருவாங்களாம் சில நாளு. அப்போ பின்னாடியிருந்து 'இருக்கேன்'னு ஒரு சத்தம் வந்துட்டா...

தயானந்தன்: வந்துட்டா?

பிரேமலா: அதுக்கு மேல அம்மா சொல்ல மாட்டாங்க.

தயானந்தன்: சும்மா இருலா. கை மயிரெல்லாம் நிக்குது பாரு.

பிரேமலா: இப்ப அம்மா தினமும் ராஜம்மா அக்கா போனப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க. அண்ணன் பேரு வர்றப்ப, 'இருக்கான், இருக்கான்'னு அவங்களே சத்தம் குடுக்கிறாங்க. இல்லன்னு எழுதிருவாங்களோன்னு பயம்.

தயானந்தன்: ...திரும்பவும் அதே சத்தம். டக்... டக்குன்னு.

பிரேமலா: ரயிலு. புதுத் தண்டவாளம் போட்டதுல இருந்து வீடே அதிருது.

தயானந்தன்: ரயில் போயிருச்சு. இது நிக்கலயே.

பிரேமலா: அப்போ பல்லி.

தயானந்தன்: பல்லியா? கீபோர்டு தட்டற மாதிரி இருக்கு.

பிரேமலா: கீபோர்டு ஏதுண்ணே? எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க. லேப்டாப், மோடம், ஒயரு... டிவி ரிமோட்டயும். அம்மா அன்னியிலருந்து ஒரே சேனலத்தான் பாக்குறாங்க.

தயானந்தன்: சிரிக்காத பிரேமா.

பிரேமலா: நான் சிரிக்கல. மொதல்ல நானும் பயந்தேன். அண்ணன் இருக்கறப்ப இந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் எந்திரிப்பேன். அது போனதுக்கு அப்புறமும் கேக்குது. இப்பல்லாம் கேக்கலன்னாதான் பயமா இருக்கு.

தயானந்தன்: கதவத் தொறந்து பாத்தியா?

பிரேமலா: எதுக்கு? பாத்தா நின்னுருமே...

தயானந்தன்: அலமாக்... சரி. இங்க பாரு. நான் ஏன் வந்தேன்னு சொல்லிடுறேன். கவின் உள்ள இருக்கான். ஆனா அந்தப் பேஜ் நிக்கல. இன்னிக்குக் காலையிலகூட வந்துச்சு. அவன் பேர அவனே உள்ள உக்காந்துக்கிட்டுக் கூப்பிட முடியுமா? வேற யாரோ செய்றாங்க. அது நின்னாத்தான் கவின விடுவாங்க.

பிரேமலா: யாரு சொன்னா?

தயானந்தன்: எல்லாரும்தான் பேசிக்கறாங்க. பொதுவா.

பிரேமலா: பொதுவா.

தயானந்தன்: காளிதாஸா? அவன்தான் கவினோடயே சுத்துனான். இப்ப மெர்சிங் பக்கம் ஓடிட்டானாம்.

பிரேமலா: காளி அண்ணனுக்கு வாட்சாப்புல ஒரு படம் அனுப்பத் தெரியாது. என்கிட்டதான் போன நீட்டும்.

தயானந்தன்: அப்போ வேற யாரு? பயப்படாம சொல்லு. எனக்கும் உன் வயசுல ஒரு தங்கச்சி இருக்கா.

பிரேமலா: ஷாந்தினி.

தயானந்தன்: ஞாபகம் வெச்சிருக்கியே.

பிரேமலா: அண்ணன் பொறந்தநாளுக்கு வந்துச்சு. எங்கண்ணன் ஊதறதுக்கு முன்ன மெழுகுவத்திய அதுவே ஊதிருச்சு.

தயானந்தன்: அவளேதான். வாய்தான் காது வரைக்கும். கரப்பான் பூச்சி வந்தா நாற்காலி மேல ஏறி நிப்பா. இருட்டுல சிங்கப்பூர் பஸ் ஏறுறா, இருட்டுல திரும்பி வர்றா. அங்க ஒரு ஆபீசுல கம்ப்யூட்டர் வேலை. அம்மா போனதுக்கு அப்புறம் நான்தான் அவளுக்குத் தல வாரி விட்டேன். அவளுக்கு ஒன்னுன்னா நான் தாங்க மாட்டேன். உனக்கும் உங்கண்ணன் அப்படித்தான?

பிரேமலா: அப்படித்தான்.

தயானந்தன்: அப்போ சொல்லிடு. அவன் உள்ள படற பாடு தெரியுமா? அடியவிட கேலிதான் பெருசு. காவின், காவின்னு கூப்பிட்டு... பொண்ணு எங்கடா, மேளம் எங்கடான்னு...

பிரேமலா: என்ன கூப்பிட்டு?

தயானந்தன்: காவின். மலாய்ல கல்யாணம்ல... விடு, அது எதுக்கு இப்ப.

பிரேமலா: அண்ணே, அந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?

தயானந்தன்: எந்தப் பேரு?

பிரேமலா: பொறந்தப்ப பதிவாபீசுல ஒரு ஆளு காதுல விழுந்தத எழுதுனது. அடையாள அட்டை, ஐசில மட்டுந்தான் காவின். சின்னப் பள்ளிக்கூடத்துல கேலி பண்ணி, அழுது, காய்ச்சலே வந்துருச்சு. அதுக்கப்புறம் கூட்டாளிங்க யாருக்கும் அந்த ஐசிய அது காட்டுனதே இல்ல. பேஜ்லயும் கவின்னுதான் வருது.

தயானந்தன்: அவனே சொல்லியிருப்பான்.

பிரேமலா: எப்ப?

தயானந்தன்: எப்பவோ... டீ குடிக்கறப்ப.

பிரேமலா: எங்கண்ணன் உயிரே போனாலும் சொல்லாது. அந்தப் பேரு வீட்டுல எங்களுக்குத் தெரியும். அண்ணனப் புடிச்சிட்டுப் போனவங்களுக்குத் தெரியும்.

தயானந்தன்: நான் கெளம்புறேம்மா.

பிரேமலா: மழை வந்துருச்சு. மைலோ கலக்கவா?

தயானந்தன்: பிரேமா... அவங்க என் வீட்டுக்கு வந்தாங்க. ஒரு பைலக் காட்டுனாங்க. அதுல அப்படித்தான் போட்டிருந்துச்சு. இந்தக் காவின்தானான்னு கேட்டாங்க. பக்கத்து ரூம்ல தங்கச்சி தூங்குறா. பேசலன்னா வீட்டுல உள்ள எல்லாரையும் கூட்டிட்டுப் போயி விசாரிப்போம்னு சொன்னாங்க. நான் என்ன பண்ணுவேன், சொல்லு.

பிரேமலா: ஆமான்னு சொன்னீங்க.

தயானந்தன்: அவளுக்காக.

பிரேமலா: இன்னிக்கு யாருக்காக வந்தீங்க?

தயானந்தன்: அவளுக்காகத்தான். இன்னொரு பேரு கேக்கறாங்க. ஒரே ஒரு பேரு. அதோட எங்கள விட்டுருவாங்க. கவினையும் விட்டுருவாங்க. சாயங்காலம் போன் பண்ணுவாங்க. நான் ஏதாச்சும் ஒன்னு சொல்லியே ஆகணும்.

பிரேமலா: ஒரு பேரு.

தயானந்தன்: ஆமா... என்ன, சத்தம் நின்னுருச்சு?

பிரேமலா: ஆமா.

தயானந்தன்: ஏன் நின்னுச்சு?

பிரேமலா: உங்க போனு அதிருது அண்ணே.

தயானந்தன்: அவங்களா... இல்ல. பேஜு. பேஜ் வந்திருக்காம். எல்லாரும் அனுப்புறாங்க. இந்நேரத்துக்கு வராதே. காலையிலதான...

பிரேமலா: யாரு பேரு வந்திருக்கு?

தயானந்தன்: ஒன்னும் இல்ல. கறுப்பா இருக்கு. மேல பெரட்டுன்னு மட்டும். கோடு மின்னுது... பிரேமா, உள்ள யாரு?

பிரேமலா: நீங்கதான பேரு கேட்டு வந்தீங்க.

தயானந்தன்: டேய் காளி. வெளிய வாடா. நான்தான்டா... கவின்?

பிரேமலா: எங்கண்ணன் இங்க இல்ல. நீங்கதான் குடுத்துட்டீங்களே.

தயானந்தன்: திரும்பவும் தட்டுது. எழுத்து வருது. உள்ள ஒரு தட்டு, இங்க ஒரு எழுத்து...

பிரேமலா: சத்தமா வாசிங்க. களத்துல அப்படித்தான் கூப்பிடணும்.

தயானந்தன்: இல்ல. இது இல்ல. அவ வேலைக்குப் போயிருக்கா. காலையில நான்தான் கூடப்போயி பஸ் ஏத்தி விட்டேன். கைய ஆட்டுனா...

பிரேமலா: சிங்கப்பூர் போற வழியில குலாய்ல எறங்கி அடுத்த பஸ்ஸுல இங்க வரலாம் அண்ணே. அது தினமும் வருது.

தயானந்தன்: பொய் சொல்லாத.

பிரேமலா: கூப்பிட்டுப் பாருங்க.

தயானந்தன்: ...ஷாந்தினி?

ஷாந்தினி: இருக்கேன், அண்ணா.