பச்சை வோச்சோவுக்கு ஒரு கையெழுத்து

எனக்குக் காலையில் காபியோடு ஓர் இனிப்பு ரொட்டி வேண்டும், மேடம். அது இல்லாவிட்டால் அன்று முழுக்க என் எழுத்து கோணலாகப் போகும். அந்தச் சனிக்கிழமை ரொட்டி கிடைத்தது. நல்ல நிதானத்தோடுதான் இருந்தேன். கோபத்தில் செய்தேன் என்று உங்கள் குமாஸ்தா என் வாக்குமூலத்தில் எழுதியிருந்தால், தயவுசெய்து அதை அடித்துவிடச் சொல்லுங்கள்.

பதினொரு வருஷமாக அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்துக்கொண்டு போய் அடைப்பார்களே, அந்தப் பட்டியின் பெயரைத்தான் எங்கள் ஊரில் இந்த இடத்துக்கும் வைத்திருக்கிறார்கள். போலீஸ் இழுத்துவரும் வண்டியெல்லாம் இங்கேதான் வரும். ஜன்னலுக்குப் பின்னால் எவன் உட்கார்ந்திருந்தாலும் ஜனங்கள் அவனை ‘வக்கீலையா’ என்பார்கள். நான் சர்க்கரை ஆலையில் கொதிகலன் துடைத்தவன். ஆனாலும் திருத்தியதில்லை. கூப்பிடுகிறவர்களுக்கு அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது.

குடித்துவிட்டு ஓட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆள் முப்பத்தாறு மணி நேரம் லாக்கப்பில். வண்டி எங்களிடம். வண்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று எழுதி, கதவுக்கும் மூடிக்கும் காகித சீல் ஒட்டிவிடுவோம். அதற்குப் பிறகு அதைத் திறக்க உரிமையாளர் வர வேண்டும். உரிமையாளர் என்றால் ஓட்டியவன் இல்லை, சாவி வைத்திருப்பவன் இல்லை. அசல் விற்பனை ரசீதில் எவன் பெயர் இருக்கிறதோ அவன். வண்டியைக் கைமாற்றினால் ரசீதின் பின்பக்கத்தில் ‘இன்னாருக்குக் கொடுத்துவிட்டேன்’ என்று விற்றவன் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஜனங்கள் கை குலுக்குவார்கள், மெஸ்கால் சாராயம் குடிப்பார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள். கையெழுத்தை மட்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதே இல்லை.

அன்று விடிந்ததும் இழுவை வண்டி ஒரு பச்சை வோச்சோவைக் கொண்டுவந்தது. முதுகு வளைந்த பழைய கார், எஞ்சின் பின்னால், பெட்டி வைக்கும் இடம் முன்னால். அதை எனக்கு முன்பே தெரியும். ஆலை வாசலில் நின்றிருந்த காலத்தில் அதன் பச்சையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். இப்போது சக்கரத்துக்கு மேலே துரு. ஒரு முன்விளக்கு வேறு ஏதோ வண்டியுடையது. இருக்கையில் சிகரெட் சுட்ட ஓட்டை நான்கு. மூக்கைப் பிடித்து இழுத்துவந்து சேற்றில் போட்டார்கள். சீல்களை நானே ஒட்டினேன், ஒரு சுருக்கம் இல்லாமல்.

பத்து மணிக்கு ஒரு பெண் வந்தாள். தொமிதிலா என்று பெயர். வண்டியை ஓட்டிப் பிடிபட்ட ரொசெந்தோவின் மனைவி. தலைகூட வாரவில்லை. ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டை ஜன்னல் வழியாகத் தள்ளினாள்.

“வக்கீலையா, காரு எனக்கு வேணாம். முன்னாடி மூடிக்குள்ள ஒரு ஐஸ்பெட்டி இருக்கு, அத மட்டும் எடுத்துக் குடுங்க. எம் பொண்ணோட மருந்து.”

நான் முழுக்கக் கேட்டேன். யாரும் நான் காது கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. அவள் மகள் யாரெலிக்குப் பன்னிரண்டு வயது. இரத்தம் உறையாத நோய். மாதம் ஒருமுறை மெக்சிகோ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பன்தான் மருந்து வாங்கிவருவான். வெள்ளிக்கிழமை வாங்கிக்கொண்டு திரும்பும்போது மச்சான் வீட்டில் இறங்கிக் குடித்திருக்கிறான். அதே சாயங்காலம் பெண்ணுக்கு மூக்கில் இரத்தம் வர ஆரம்பித்து நிற்கவில்லை. உள்ளூர் ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றுகிறார்கள், உறைய வைக்கும் மருந்து இருப்பில் இல்லை. திங்கட்கிழமையும் சேர்ந்து மூன்று நாள் விடுமுறை. தலைநகரிலிருந்து வேறு மருந்து வர செவ்வாய் ஆகும்.

“ஏத்துற ரத்தமெல்லாம் மூக்கு வழியாவே வந்துருதுங்கய்யா,” என்றாள்.

“சீலைப் பிரிக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. அசல் ரசீதைக் கொண்டாங்க, பொட்டிய மட்டும் குடுக்க வழியிருக்கு.”

நான் சொன்னது உண்மை. எங்கள் விதியில் அப்படி ஒரு வழி இருக்கிறது. அவள் ஓடினாள். மேலதிகாரிக்கு ஃபோன் போடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அவர் கடற்கரைக்குப் போயிருந்தார். ஃபோனை அணைத்து வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும், அதனால் போடவில்லை.

பன்னிரண்டரைக்குப் பிளாஸ்டிக் உறையில் ரசீதோடு வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முன்பக்கத்தில் ஒரே ஒரு பெயர், அனிசேத்தோ பர்ரகான். முகவரி லாஸ் பால்மாஸ். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“உங்க வீட்டுக்காரர் பேரே இல்லையேம்மா இதுல.”

“நான் கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடியே வாங்கின வண்டிங்க. இந்த அனிசேத்தோ யாருன்னே எனக்குத் தெரியாது. அவரு கையெழுத்துப் போட்டா போதுமா?”

“போதும். அவர் வந்து நின்னாருன்னா அந்த நிமிஷமே மூடியத் தொறந்துருவேன்.”

“லாஸ் பால்மாஸ் மூணு மணி நேரம் போகணுமே.”

“ரெண்டு மணிக்கு ஒரு பஸ் இருக்கு,” என்றேன்.

அவள் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அனிசேத்தோ பர்ரகான் நான்தான், மேடம். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் தாளின் தலைப்பிலும் அந்தப் பெயர்தானே இருக்கிறது. அவள் ரசீது எடுக்கப் போயிருந்தபோதே என் பெயர்ப்பலகையை டிராயருக்குள் வைத்துவிட்டேன். அதைத் துடைக்க வேண்டியிருந்தது. பிறகு வெளியே எடுக்க நேரம் கிடைக்கவில்லை.

ஆலையில் ஒன்பது வருஷம் வெந்து அந்த வண்டியைப் புதிதாக வாங்கினேன். ஆலை மூடியதும் விற்க வேண்டி வந்தது. ஒரு ஞானஸ்நான விருந்தில் ரொசெந்தோ என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தான். “கூரைக்குக் கீழதான் நிறுத்துவேன், உள்ள ஒரு சிகரெட்டு பத்த வைக்க மாட்டேன் அண்ணே. உங்க பொண்ணக் கட்டிக் குடுத்த மாதிரி நெனச்சுக்குங்க.” அந்தப் பேச்சை நான் நம்பினேன். கையெழுத்து விட்டுப்போனது எனக்கு மறுநாளே நினைவுக்கு வந்தது. அவனுக்கு வரவில்லை. நான் இந்த நகரத்துக்கு வந்துவிட்டேன், அவனும் தேடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வேலை குறைவு. வோச்சோவைக் கழுவினேன். சீல் நனையாமல் அதைச் சுற்றி மட்டும் ஈரத்துணியால் துடைத்தேன். அரைநாள் பிடித்தது. வெயில் ஏற ஏற முன்மூடியின் அடியில் நீர் சொட்டியது. ஐஸ் உருகுகிறது என்று புரிந்தது. தரை சேறாகக் கூடாது என்று அடியில் ஒரு தகர டப்பா வைத்தேன். மூன்று மணிக்கு ஒருமுறை, ஐந்துக்கு ஒருமுறை அதைக் கொட்டினேன். அடுத்த நாள் காலையில் கொட்ட ஒன்றும் இருக்கவில்லை.

ஞாயிறு காலை ஒன்பதுக்கு அவள் திரும்பி வந்தாள். லாஸ் பால்மாஸில் வீடு வீடாகத் தட்டியிருக்கிறாள். பஸ் இல்லாமல் சர்ச் வாசலில் படுத்து எழுந்திருக்கிறாள். எனக்கென்று சோள இலையில் சுற்றிய தமால் இரண்டு வாங்கி வந்திருந்தாள். “நேத்து நீங்க மட்டுந்தான் வழி சொன்னீங்க,” என்றாள். சாப்பிட்டேன். கோழி வைத்தது, காரம் சரியாக இருந்தது.

“அந்த ஆளு ஊரவிட்டுப் போயி வருஷக்கணக்காச்சாம். இந்த டவுன்லதான் எங்கயோ கவர்மென்ட்டு வேலையாம். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா விசாரிச்சுச் சொல்லுங்கய்யா.”

“இந்த டவுன்ல பர்ரகான்னு கல்லெறிஞ்சா பத்துப் பேரு மேல விழும்மா.”

அப்போதுதான் அவள் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். எதுவும் தெரிந்து பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. தூங்காதவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். “டாக்டரு சாயங்காலம் வரைக்குந்தான் சொல்லியிருக்காரு,” என்றாள். பெண்ணுக்குத் தலைக்குள்ளும் கசிய ஆரம்பித்துவிட்டதாம். பேச்சுக் குழறுகிறதாம். தண்ணீர் கேட்கிறாளா அப்பாவைக் கேட்கிறாளா என்று புரியவில்லையாம். நான் தமால் இலையை மடித்துக் குப்பையில் போட்டேன்.

நான்கு மணிக்கு ரொசெந்தோவை விட்டார்கள். நாலரைக்கு இருவரும் வந்தார்கள். அவன் ஜன்னலுக்குள் குனிந்தவன் அப்படியே நின்றான்.

“அனிசேத்தோ அண்ணே? நீங்களா?”

தொமிதிலா சத்தம் போடவில்லை. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “நேத்துலேருந்து இவருகிட்டத்தான் இவர எங்கன்னு கேட்டுக்கிட்டு நிக்கிறேன்,” என்று அவனிடம்தான் சொன்னாள், என்னிடம் சொல்லவில்லை.

ரொசெந்தோ அழுதான். குடித்தவன் அழுகை எனக்கு மனதில் ஏறாது. “வண்டிய என்ன செஞ்சு வெச்சிருக்கேன்னு பாரு,” என்றேன். “உள்ள சிகரெட்டு கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“அண்ணே, வண்டிய நீங்களே வெச்சுக்குங்க. இந்தாங்க சாவி. பொட்டிய மட்டும் குடுங்க. கால்ல விழுறேன்.”

நியாயமான பேச்சு. ஆனால் வாய்ப்பேச்சை நம்பி நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். வண்டி மேல் தனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னேன். மூன்று பிரதி வேண்டும். அலுவலக ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர், எதிர்க் கடையில் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். ரொசெந்தோ போய் அவனைக் கெஞ்சி எடுத்துவந்தான். முதல் தடவை ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. திருப்பி அனுப்பினேன்.

அந்த நேரத்தில் தொமிதிலா என்னிடம் ஒன்று கேட்டாள். “அந்தத் தாள்ல எம் பொண்ணு பேரையும் எழுதுங்க.”

“அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா,” என்றேன். உண்மையிலேயே இல்லை. நீங்கள் படிவத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு உரிமையாளர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன், அதிகாரி என்ற இடத்திலும் என் கையெழுத்தைப் போட்டேன், முத்திரை குத்தி நேரம் எழுதினேன். மூடியைத் திறந்தேன். பெட்டிக்குள் அரைச் சாண் வெந்நீர். மருந்துக் குப்பிகள் அதில் மிதந்தன. அவள் பெட்டியை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். தண்ணீர் முழுக்க அவள் உடம்பில் கொட்டியது.

என் முத்திரையில் ஐந்து இருபத்தைந்து. பெண்ணின் மரணச் சான்றிதழில் ஐந்து பத்து. ஆக, அவள் கொண்டுபோனது யாருக்கும் பயன்பட்டிருக்காது. உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். சனிக்கிழமை பத்து மணிக்குக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று. அதை நான் மறுக்கவில்லை. பெட்டியில் என்ன இருக்கிறது, அது யாருக்கு, எத்தனை மணிக்குள் வேண்டும், யார் கையெழுத்துப் போட்டால் திறக்கலாம், எல்லாம் எனக்குப் பத்து மணிக்கே தெரியும். பேனா என் கையில்தான் இருந்தது. நான் போடவில்லை. ஒப்புக்கொள்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

ஒரே ஒரு விண்ணப்பம் இருக்கிறது, மேடம். வழக்குப் பொருள் என்று வோச்சோவை உங்கள் அலுவலகத்துப் பின்முற்றத்தில் வெட்டவெளியில் நிறுத்தியிருக்கிறார்களாம். சாயங்காலம் மழை வரும்போல் இருக்கிறது. யாரையாவது அனுப்பி அதன்மேல் ஒரு தார்ப்பாய் போடச் சொல்லுங்கள். கண்ணெதிரே ஒன்று கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எப்படித்தான் மனிதர்களுக்கு மனசு வருகிறதோ, எனக்கு வராது.