பத்து நிமிடத்துக்கு ஒரு வரி

நான் ஒரு வகுத்தலை மறந்தேன். ஒரு மனிதர் போய்ச் சேர்ந்தார்.

சிரிக்காதீர்கள். கணக்கில் நான் மக்கு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இது என்னைவிட என் மச்சானுக்கு நடந்த கதை... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மேட்டில், ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம். அங்கே ஒரு கம்ப்யூட்டர், எங்கள் அலுவலகத்தில் ஒன்று. இரண்டிலும் ஒரே பதிவேடு. அங்கே எழுதுவது உடனே இங்கே வராது. வரிசையில் காத்திருக்கும். குறித்த நேரத்தில் மொத்தமாக வரும். நாங்கள் எழுதுவதும் அப்படியே அங்கே போகும். அந்த நேரத்தைக் குறிப்பது என் வேலை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை.

ஒரு மாலை அதைத் திருத்தி எழுதினேன். அந்த மெஷின் நேரத்தை நாள் கணக்கில்தான் கேட்கும். பத்து நிமிடத்தை நாளாக வகுத்துப் போட வேண்டும். வீட்டுக்குப் போகும் அவசரம்... வெறும் பத்து என்று போட்டேன். பத்து நாள் என்று எடுத்துக்கொண்டது.

நிலையத்தில் இரவு ஆள் ஒருவர். எப்போதும் கம்பளித் தொப்பி. அதனால் எல்லோருக்கும் 'தொப்பி'. எனக்கு மட்டும் அண்ணன். பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் எழுதி என்னைக் கிண்டல் செய்வார். 'தம்பி, முழிச்சிருக்கியா, இல்ல மெஷின்தான் முழிச்சிருக்கா?'

அன்று இரவு குளோரின் கசிந்தது. அவர் இருந்த அறையின் கதவு இறுகிக்கொண்டது. போன் அடுத்த அறையில்... வாயுவும் அங்கேதான்.

காலையில் அவர் இறந்த செய்தி வந்ததும், நேரத்தைத் திருத்தி, வரிசையைக் கையால் தள்ளிவிட்டேன். பதினோரு வரிகள் வந்தன. இரவு இரண்டு பத்துக்கு முதல் வரி: 'வாடை வருது. கதவு திறக்கல. யாராச்சும் வாங்க.' கடைசி வரி மூன்று ஐம்பதுக்கு. சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று. நான் அனுப்பும் நேரம் அவருக்கு அத்துப்படி.

என்னால்தானா என்று மேலாளரிடம் கேட்டேன். "விதிப்பா." டாக்டரிடம் கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாதுங்க." வீட்டில் கேட்டேன். "சாப்பிட வாங்க."

நிலையத்தை மூடினார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. நானாகவே இரவு வேலை கேட்டு வாங்கினேன்.

ஒரு மாதம் கழித்து... இரண்டு பத்து. திரையில் ஒரு புது வரி. நிலையத்திலிருந்து.

'வாடை வருது.'

மெஷினை அணைக்காமல் போயிருப்பார்கள், பழைய வரி ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன். மச்சான் வீடு அந்தப் பக்கம். எழுப்பினேன்.

"மாமா, பேய்னா பயமில்ல. இந்நேரத்துக்கு வெளிய போனது அக்காவுக்குத் தெரிஞ்சா அதான் பயம்" என்று கிளம்பினான்.

விளக்கில்லாத ஏற்றச் சாலை. பைக் சத்தம் தவிர ஈ காக்கை இல்லை. மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போனில் வந்தான். குரல் இறங்கியிருந்தது.

"மாமா... மூக்கு எரியுது. நீச்சல் குளத்து வாடை."

"உள்ள போ. மெஷின் பிளக்கைப் பிடுங்கு."

"உள்ள யாரோ டைப் பண்றாங்க."

எனக்கும் கேட்டது. டக்... டக் டக்... டக்.

கதவை அவன் தோளால் இடித்தான். மூன்றாவது இடியில் திறந்தது.

"மாமா, மெஷினே இல்ல. தூக்கிட்டுப் போயிட்டாங்க. மேஜை முழுக்கத் தூசி. மெஷின் இருந்த இடம் மட்டும் சதுரமா..."

"பின்ன என்னடா சத்தம்?"

"அந்தச் சதுரத்துலதான்."

போன் விழுந்தது. ஓடும் செருப்புச் சத்தம். பிறகு பைக்... மச்சானுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதோ, உங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

மூன்று மணி. வரி வந்தது. 'கதவு திறந்தாச்சு தம்பி.'

குறிப்புக் கட்டத்தில் அடித்தேன்: 'அண்ணே, நான் நேரத்தைச் சரியா வெச்சிருந்தா நீங்க பொழச்சிருப்பீங்களா?'

மூன்று பத்துக்கு என் வரி போயிற்று. காத்திருந்தேன். அறையில் மெதுவாக அந்த வாடை... என் மூக்குக்கா, மனசுக்கா, தெரியவில்லை.

மூன்று இருபது.

'பொழச்சிருப்பேன்.'